தர்மபுரியில முதல் வருஷம். டிசி வாங்கிடலாமான்னு இருக்கு. காலேஜ்ல யாரைப் போய்ப் பாக்கறது?

ஏரியூர்_பக்கம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் பேரும் காலேஜ் பேரும் வேணாமே. தர்மபுரியில ஒரு அரசு காலேஜ், பி.எஸ்சி. வேதியியல், முதல் செமஸ்டர். ஊரு ஏரியூருக்கும் அந்தாண்ட. பென்னாகரத்துலயே படிச்சிருக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. கேட்ட கோர்ஸ் இங்கதான் கிடைச்சுது. அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலை, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவாங்க. நானும் ஆயாவும்தான் வீட்ல.

காலைல முதல் பஸ்ஸை விட்டா முதல் பீரியட் அவ்வளவுதான். அந்த பஸ்ஸும் சில நாள் வரதில்ல. இப்ப அட்டெண்டன்ஸ் 75க்குக் கீழ போயிடுச்சு. பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். இங்க எல்லாம் இங்கிலீஷ். லேப்ல மட்டும் சமாளிக்கிறேன், பியூரெட்டும் பிப்பெட்டும் எந்த மீடியமா இருந்தாலும் ஒண்ணுதான். கிளாஸ்ல போர்டுல எழுதறதைப் படம் மாதிரி பாத்து வரைஞ்சிட்டு வரேன்.

அரசுப் பள்ளியில படிச்ச பசங்களுக்கு மாசாமாசம் தர்ற தமிழ்ப் புதல்வன் 1000 ரூபா கிளாஸ்ல பாதிப் பேருக்கு வந்துடுச்சு, எனக்கு வரல. ஆபீஸ்ல கேட்டா “பேங்க்ல கேளு”, பேங்க்ல கேட்டா “காலேஜ்ல கேளு”.

இன்னொண்ணு, இதைச் சொல்லவே ஒரு மாதிரியா இருக்கு. மதியம் பெல் அடிச்சதும் எல்லாரும் அஞ்சாறு பேரா சேந்து போயிடுறாங்க. நான் டிபன் பாக்ஸை எங்க உக்காந்து திறக்கறதுன்னு தெரியாம சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டு வரேன். பாதி நாள் களி உருண்டையும் கீரைக் கொழம்பும்தான். யாரும் ஒண்ணும் சொல்லல, கிண்டலும் பண்ணல. ஆனா நான் ஒரு வாரம் போகலன்னா ஏன் வரலன்னு கேக்க ஒரு ஆள் இல்ல.

பேசாம டிசி வாங்கிட்டு பெங்களூர் போயிடலாமான்னு இருக்கு. அதுக்கு முன்னாடி யாரையாவது கேக்கலாம்னா யாரைக் கேக்கறதுன்னு தெரியல.


சிப்காட்_பி_ஷிஃப்ட்

தம்பி, நேராவே சொல்றேன், கோச்சுக்காத. நானும் கெமிஸ்ட்ரிதான், கிருஷ்ணகிரி பக்கம். டிகிரி முடிச்சிட்டு ஓசூர் சிப்காட்ல ஒரு பேக்டரி லைன்ல நின்னு வேலை பாக்கறேன். பக்கத்து லைன்ல பன்னெண்டாவது முடிச்சவன், சம்பளத்துல எனக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மூணு வருஷம் பஸ்ல போறதுக்கு ஐடிஐ ஒண்ணு போட்டா இதைவிட மேல.

ஆனா டிசி வாங்கறதுன்னா வருஷ நடுவுல வாங்காத. அடுத்த சேர்க்கை வரைக்கும் எங்கயும் சேர முடியாது, உதவித்தொகையும் நிக்கும். பெங்களூர் கட்டட வேலைக்குப் போனவன் திரும்பி வந்து படிச்சத நான் பாத்ததே இல்ல.


காரிமங்கலத்து_அம்மா

ஏம்ப்பா சிப்காட், புள்ள அழுதுக்கிட்டு கேக்குது, நீ ஐடிஐங்கற. ஐடிஐ கெட்டதுன்னு சொல்லல, அதை ஜூன்ல சொல்லணும், இப்ப இல்ல.

தம்பி, அப்பா அம்மாகிட்ட போன்ல சொன்னியா? எங்க வீட்லயும் பொண்ணு மூணு மாசம் வாயே திறக்கல. அவங்களுக்குக் கவலை வேணாம்னு நீயா நெனச்சிக்கிட்டு இருப்ப. அங்க ஷெட்ல உக்காந்துக்கிட்டு அவங்க பேசறதே உன்னைப் பத்தித்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமை ஒரு போன் போடு. முதல்ல மார்க்கைச் சொல்லாத, பஸ் விஷயத்தைச் சொல்லு.


கௌரவம்_மட்டும்

இந்த மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர் நான். பெயரில் கௌரவம் இருக்கிறது, மே மாதத்தில் சம்பளம் இருக்காது. என் கதை கிடக்கட்டும்.

தம்பி, “யாரைப் பாக்கறது” என்றாயே, அதுதான் சரியான கேள்வி. கல்லூரியில் உதவி செய்பவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் மாதிரி வகுப்பாசிரியர் உன்னைத் தேடி வரமாட்டார். ஒரு வகுப்பில் அறுபது பேர், எங்களுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து வகுப்பு. “சார், கஷ்டமா இருக்கு” என்று வந்து நிற்பவனுக்கு என்ன செய்வது என்று எங்களுக்கே தெரியாது. “சார், எனக்கு இது வேணும்” என்று ஒரே ஒரு விஷயத்தோடு வருபவனுக்குச் செய்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் இருக்கிறார்.

வருகைப்பதிவு: உன் வகுப்புக்கு ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். டியூட்டர் என்பார்கள், மென்டார் என்பார்கள், ஊருக்கு ஒரு பெயர். துறைத் தலைவரிடம் நேராகப் போகாமல் முதலில் அவரைப் பார். வாயால் சொல்லாதே, எழுதிக் கொண்டு போ. விடுநர், பெறுநர், பொருள் எல்லாம் பள்ளியில் எழுதியதுதான். எந்த ஊர், எத்தனை மணி பஸ், எந்தெந்தத் தேதியில் பஸ் வரவில்லை என்று எழுது. 75க்குக் கீழே போனால் கண்டோனேஷன் என்று கட்டணம் கட்டித் தேர்வு எழுத வழி உண்டு, ஆனால் ரொம்பவும் இறங்கிவிட்டால் அந்த வழியும் அடைபடும். துறையில் சதவீதம் கணக்கெடுப்பதற்கு முன்பே உன் கடிதம் அங்கே இருக்க வேண்டும். கணக்கெடுத்த பிறகு வரும் கடிதத்தை யாரும் நம்புவதில்லை, சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பஸ்: உங்கள் ஊர்ப் பக்கமிருந்து இதே பஸ்ஸில் வரும் மாணவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். தனி ஆள் மனு வேறு, இருபது கையெழுத்து வேறு. மனு எண் போட்டு ரசீது தருவார்கள், அதைத் தொலைக்காதே. கையெழுத்து வாங்கப் போகிற சாக்கில் நாலு பேரோடு பேசியும் ஆகும்.

இங்கிலீஷ்: இதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் பணம் கட்டாதே. பதினொன்று, பன்னிரண்டு வேதியியல் பாடநூலின் ஆங்கில வழிப் பதிப்பை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தமிழ்ப் புத்தகமும் அதுவும் ஒரே பாட வரிசை, ஒரே படம், ஒரே கணக்கு. ரெண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படி. தமிழில் “இனக்கலப்பாதல்” பாடத்தை நீ நன்றாகத் தேர்ந்தவன் என்றால், அதே படத்துக்குக் கீழே ஹைப்ரிடைசேஷன் என்று இருப்பதைப் பார்த்ததும் பாடம் திரும்ப வந்துவிடும். முதல் செமஸ்டரில் நடத்தும் அணு அமைப்பும் பிணைப்பும் பெரும்பாலும் நீ படித்ததன் தொடர்ச்சிதான். புத்தகத்தின் கடைசியில் கலைச்சொற்கள் பட்டியலும் இருக்கும்.

இன்னொன்று. ஆங்கில வழியில் சேர்ந்தவர்களையும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் யுஜிசி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உன் துறையில் இதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஹால் டிக்கெட் வருவதற்கு முன்பே கேள். தேர்வு அறையில் உட்கார்ந்துகொண்டு கேட்காதே.

ஆபீஸ் கிளார்க்: காலை பத்து மணிக்குப் போகாதே, எல்லோரும் அப்போதுதான் போவார்கள். மூன்று மணிக்கு மேல் போ. சான்றிதழ் ஜெராக்ஸ் எப்போதும் ரெண்டு செட் பையில் இருக்கட்டும்.


கவுன்டர்_3

நான் ஒரு பேங்க்ல இருக்கேன், எந்த பேங்க்னு கேக்காதீங்க. 1000 ரூபா விஷயத்துக்கு மட்டும் வரேன். இதே கேள்வியோட தினமும் பசங்க வராங்க.

தமிழ்ப் புதல்வன், பொண்ணுங்களுக்கான புதுமைப் பெண், ஸ்காலர்ஷிப் எல்லாம் ஆதார் வழியா வர்ற பணம். நீ காலேஜ்ல எந்த பாஸ்புக் ஜெராக்ஸ் குடுத்தங்கறது ரெண்டாம்பட்சம். உன் ஆதார் கடைசியா எந்த பேங்க்கோட இணைஞ்சிருக்கோ அங்கதான் பணம் போய் விழும். ஸ்கூல் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு கணக்கு, அப்புறம் போஸ்ட் ஆபீஸ்ல ஒரு கணக்கு, காலேஜ் சேரும்போது புதுசா ஒண்ணு. இப்படி மூணு வெச்சிருப்ப. பணம் ஏதோ பழைய கணக்குல உக்காந்திருக்கும், பையன் புதுக் கணக்கைத் தினமும் பாத்துட்டு அரசாங்கத்தைத் திட்டிட்டு இருப்பான்.

எப்படிப் பாக்கறது: ஆதார் இணையதளத்துல உள்ள போனா “பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்”னு ஒண்ணு இருக்கும். ஆதார்ல பதிஞ்ச மொபைலுக்கு ஓடிபி வரும். பேங்க் பேரும், ஆக்டிவா இல்லையாங்கறதும் காட்டும். ஓடிபி வர்ற நம்பர் அப்பாகிட்ட பெங்களூர்ல இருக்கும், அது அடுத்த தலைவலி. அவர் வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் போன்ல வெச்சுக்கிட்டே பண்ணு.

இன்ஆக்டிவ்னு காட்டினா உனக்குப் பிடிச்ச கணக்குக்கு ஆதாரை இணைக்கச் சொல்லி பேங்க்ல எழுதிக்குடு. “ஆதார் லிங்க் பண்ணுங்க”ன்னு மட்டும் சொல்லாத, “டிபிடிக்கு என்பிசிஐ மேப்பிங் பண்ணணும்”னு சொல்லு, அதாவது அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வரணும்னு பதியறது. ரெண்டும் வேற வேற. கேஒய்சிக்கு, அதாவது அடையாளச் சான்றா மட்டும் ஆதாரைச் சேத்துட்டு “ஆயிடுச்சு, போ”ன்னு அனுப்பிடுவாங்க.

மைனரா இருக்கும்போது திறந்த கணக்குன்னா 18 முடிஞ்சதும் புது கையெழுத்து, போட்டோ குடுத்து மாத்தணும். அது வரைக்கும் காசு வந்திருந்தாலும் எடுக்க முடியாது.

பேங்க்ல எல்லாம் சரின்னா அப்பதான் பிரச்சினை காலேஜ் பக்கம். காலேஜ் பசங்க விவரம் ஏத்தற யூஎம்ஐஎஸ்ங்கற அரசுத் தளத்துல உன் பதிவுல ஸ்கூல் விவரம் சரியா ஏறல, இல்ல ஆதார்ல ஒரு இனிஷியல், மார்க் ஷீட்ல ஒரு இனிஷியல்னு இருக்கும். யூஎம்ஐஎஸ் பாக்கற சார் யாருன்னு ஆபீஸ்ல கேட்டு அவரை மட்டும் பாரு. ஆறாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளிங்கறதுக்கு சான்று கையோட வெச்சுக்க.


ஏரியூர்_பக்கம்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கவுன்டர் அண்ணா சொன்ன மாதிரி நேத்து ராத்திரி அப்பாவை லைன்ல வெச்சுக்கிட்டு பாத்தேன். போஸ்ட் ஆபீஸ் பேங்க் பேரு காட்டுது, ஆக்டிவ்னு. எனக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கறதே ஞாபகம் இல்ல. எட்டாவது படிக்கும்போது ஸ்கூல்லயே வந்து கைரேகை வாங்கிட்டுப் போனாங்க, அதா இருக்கும். சனிக்கிழமை போய்ப் பாக்கறேன்.

சிப்காட் அண்ணா சொன்னதும் தப்புன்னு தோணல. ஐடிஐ யோசிக்கறேன், ஆனா இப்ப இல்ல.


கெலமங்கலம்_டு_கிருஷ்ணகிரி

ஏரியூர் தம்பி, நான் மூணாவது வருஷம், பி.காம்., கிருஷ்ணகிரி. உனக்கு தமிழ் மீடியத்துலருந்து இங்கிலீஷ். எனக்கு வீட்ல தெலுங்கு, தெருவுல கன்னடம், ஸ்கூல்ல தமிழ், காலேஜ்ல இங்கிலீஷ். முதல் வருஷம் நான் பேசினா “ஓசூர் தமிழ்”னு சிரிப்பாங்க. அதனால பேசறதையே விட்டுட்டேன். கணக்குப் பதிவியல் மட்டும் தப்பிச்சுது, ஏன்னா பற்றும் வரவும் எந்த பாஷையில சொன்னாலும் ரெண்டு பக்கமும் டேலி ஆகணும்.

சாப்பாட்டு விஷயம் பத்தி யாரும் பேசல, அதனால நான் பேசறேன். மார்க்கை விட அதுதான் ஆளைக் கொல்லும். ஒரே ஒரு யோசனை: ஏற்கெனவே சேந்துட்ட கூட்டத்துல போய் ஒட்டப் பாக்காத. அவங்க ஒரே ஸ்கூல், ஒரே பஸ்ஸா இருப்பாங்க. உன்ன மாதிரி தனியா சாப்பிடற இன்னொருத்தன் கண்டிப்பா இருப்பான். லைப்ரரி படிக்கட்டு, தண்ணி டேங்க் பக்கம், கிரவுண்ட் ஓரம். எங்க காலேஜ்ல லைப்ரரி வராந்தாவுல நாங்க நாலு பேர் சேந்தது அப்படித்தான். ஒருத்தி அஞ்செட்டி, ஒருத்தி ஊத்தங்கரை, ஒருத்தி வேப்பனப்பள்ளி. “இங்க யாராவது உக்காந்திருக்காங்களா”ன்னு கேட்டதுதான் முதல் பேச்சு.

களியப் பத்திக் கவலைப்படாத. அஞ்செட்டிக்காரி ராகி உருண்டை கொண்டு வந்தா மத்த மூணு பேரும் லெமன் ரைஸை ஓரம் தள்ளிட்டு அதுலதான் கை வெப்போம்.

இன்னொரு வழி என்எஸ்எஸ். ஏழு நாள் கேம்ப்ல ஒரே ஸ்கூல் கட்டடத்துல தூங்கி எழுந்து, அம்பது பேருக்கு வெங்காயம் அரிஞ்சா யாரு எந்த டிபார்ட்மென்ட்னு யாரும் பாக்கறதில்ல. நான் இங்கிலீஷ்ல முதல் தடவை மைக் பிடிச்சது கேம்ப் கடைசி நாள்தான், நன்றியுரை. தப்புத் தப்பா பேசினேன், யாரும் சாகல.


மாங்கூழ்

எல்லாம் சரி. மென்டார் மென்டார்ங்கறீங்க. எங்க காலேஜ்ல மென்டார் மீட்டிங்னா ஒரு நோட்டு வரும், முப்பது பேர் வரிசையா கையெழுத்துப் போட்டுட்டுப் போவோம். “மாணவரின் பிரச்சினைகள்”னு ஒரு காலம் இருக்கும், அதுல எல்லாருக்கும் “இல்லை”ன்னு ஏற்கெனவே எழுதியிருக்கும். காலேஜுக்குத் தரம் போடற நாக் கமிட்டி வந்தா காட்டறதுக்கு.

அதே மாதிரி ஜூன், ஜூலைல மாங்கூழ் பேக்டரியில நைட் வேலைக்குப் போய்தான் நான் ஃபீஸ் கட்டினேன். சீசனும் காலேஜ் திறக்கறதும் ஒண்ணா வரும். அட்டெண்டன்ஸ் போனதுக்கு அதுதான் காரணம்னு சொன்னப்ப “அப்ப வேலைக்கே போ”ன்னாங்க. அதனால எழுதிக் குடுத்தா நடக்கும்ங்கறதுல எனக்கு நம்பிக்கை இல்ல.

தம்பி இன்னொண்ணும் தெரிஞ்சிக்க. இந்தப் பக்கம் முதல் நாள் “எந்த ஊரு”ன்னு கேப்பாங்க. சொன்னதும் “எந்தத் தெரு”ன்னு கேப்பாங்க. ரெண்டாவது கேள்வி கேக்கறதுக்காகத்தான் முதல் கேள்வியே. கையில சாதிக் கலர் கயிறு கட்டிக்கிட்டு வந்து பாசமா பேசறவனை நம்பி எந்த குரூப்லயும் சேந்துடாத.


மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிலுக்குக் கீழ் வந்த சில பதில்கள் நீக்கப்பட்டன. சாதிப் பெயரைச் சொல்லிச் சண்டை போட வேறு இடம் பாருங்கள். கேள்வி கேட்டவர் முதலாமாண்டு மாணவர்.


கௌரவம்_மட்டும்

மாங்கூழ் சொன்ன நோட்டு உண்மை. நானும் அந்த நோட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அதையும் உபயோகிக்கலாம் என்பதுதான் என் கட்சி. “இல்லை” என்று எழுதியிருக்கும் கட்டத்தில் உன் கையால் “ஏரியூர் பேருந்து தாமதம், வருகைக் குறைவு” என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடு. கமிட்டி பார்க்கும் நோட்டு என்பதாலேயே, அதில் எழுதியதை அப்படியே விட எந்தத் துறைத் தலைவருக்கும் மனசு வராது, என்ன நடவடிக்கை என்று பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

“அப்ப வேலைக்கே போ” என்று சொன்ன ஆசிரியருக்கு என்னிடம் பதில் இல்லை. எல்லாத் துறையிலும் அப்படி ஒருவர் இருப்பார், வேறு ஒருவரும் இருப்பார். பெரும்பாலும் லேப் அசிஸ்டென்ட், நூலகர், உடற்கல்வி இயக்குநர், இந்த மூன்று பேரில் ஒருவர் வாத்தியார்களை விட மாணவர்களை நன்றாகத் தெரிந்தவராக இருப்பார். அவர்கள் வகுப்பெடுக்காததால் மார்க்கை வைத்து உன்னை எடைபோடவும் மாட்டார்கள்.


விடுதி_சாம்பார்

இவ்ளோ தூரம் பேசிட்டு ஹாஸ்டல்னு ஒருத்தரும் சொல்லலியே! ஏரியூர்லருந்து தினமும் வந்து போறதே தப்பு. அரசு விடுதி இருக்கு, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர்னு தனித்தனியா. 2025 ஜூலையிலருந்து எல்லாத்துக்கும் சமூகநீதி விடுதின்னு பேரு. தங்கறது, சாப்பாடு ரெண்டும் இலவசம். பிசி, எம்பிசி விடுதியில வீட்டுக்கும் காலேஜுக்கும் 8 கிலோமீட்டராவது இருக்கணும்னு விதி, பொண்ணுங்களுக்கு அந்த விதி கிடையாது. உனக்கு 8 என்ன, அதைவிடப் பல மடங்கு இருக்கு.

சாம்பாரைப் பத்தி என் பேர்லயே எழுதியிருக்கேன், மேல சொல்ல ஒண்ணுமில்ல. பாத்ரூம் காலைல அஞ்சு மணிக்கே க்யூ. ஆனா முதல் பீரியட் போகாது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஒரு கணக்கு வரலன்னா பக்கத்து ரூம் கதவைத் தட்டலாம். என் அரியர் ரெண்டையும் க்ளியர் பண்ணி விட்டது ஒரு எம்.எஸ்சி. அண்ணன், அவரு மொட்டை மாடியில குண்டு பல்பு போட்டு தினமும் டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பாரு.

டிஎன்பிஎஸ்சின்னதும் ஞாபகம் வருது. தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கில்ல, டிகிரி கேக்கற வேலைக்கு டிகிரியும் தமிழ் வழியில இருந்தாதான் கிடைக்கும். குரூப் 4க்கு அடிப்படைத் தகுதி பத்தாவது, அதனால ஸ்கூல் வரைக்கும் தமிழ் வழி போதும். நீ இங்கிலீஷ் மீடியம் பி.எஸ்சி.ன்னாலும் குரூப் 4ல அந்தக் கணக்கு உனக்கு உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வ பயிலும் வட்டம்னு இலவச வகுப்பு நடக்கும், அதெல்லாம் ரெண்டாவது வருஷம் பாத்துக்கலாம்.


வெள்ளைக்_கோட்டு_இல்லாத_நர்ஸ்

தர்மபுரியில ஆஸ்பத்திரி வேலை. தம்பி எழுதினதுல ஒரு வரி எனக்கு உறுத்துது, “ஏன் வரலன்னு கேக்க ஒரு ஆள் இல்ல”. தூக்கம் எப்படி இருக்கு? சாப்பாடு இறங்குதா? முன்னாடி பிடிச்சதெல்லாம் இப்ப பிடிக்குதா? ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் பசியும் கெட்டு, எதுலயும் மனசு ஒட்டலன்னா அது பஸ் பிரச்சினை மட்டும் இல்ல.

14416னு ஒரு நம்பர், டெலி மானஸ். 2022 அக்டோபர்லருந்து இருக்கு. ராத்திரி பகல் எப்ப வேணா பண்ணலாம், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. 104லயும் பேசலாம். “உயிரோட இருந்து என்ன”ங்கற மாதிரி எண்ணம் ஒரு தடவை வந்தாலும் மறுநாள் வரைக்கும் காத்திருக்காம அப்பவே பண்ணணும். தனியா இருக்காம ஆயா பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டே கூட பண்ணு. நேர்ல வரணும்னா தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு ஓபி இருக்கு. அங்க வர்றவங்கள்ல காலேஜ் பசங்க நிறைய. ஊர்க்காரங்க யாராவது பாத்துட்டா என்ன பண்றதுன்னுதான் எல்லாருக்கும் பயம். தூக்கம் வரலன்னு வந்தேன்னு சொல்லிடு, அது பொய்யும் இல்ல.


ஏரியூர்_பக்கம்

அக்கா, தூக்கம் வருது, பசியும் எடுக்குது. சாயங்காலம் பஸ்ல வரும்போதுதான் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும். நம்பரைப் போன்ல போட்டு வெச்சிட்டேன்.

டியூட்டர் மேடத்துக்கு லெட்டர் எழுதியாச்சு. குடுக்கும்போது “இவ்ளோ தூரத்துலருந்தா வர”ன்னு கேட்டாங்க. அவங்களுக்கே தெரியல. எங்க பஸ்ல வர்ற பாலிடெக்னிக் பசங்க கையெழுத்து போடறேன்னு சொல்லியிருக்காங்க, திங்கட்கிழமை போறதா இருக்கோம்.


பேர்_சொல்ல_முடியாது

இந்த இழையில கேக்கலாமான்னு தெரியல. நான் ரெண்டாவது வருஷம், பொண்ணு, கிருஷ்ணகிரி மாவட்டம். 19 முடிஞ்சுது. வீட்ல மாப்பிள்ளை பாத்தாச்சு, தை மாசம் வெச்சுக்கலாம்ங்கறாங்க. மாப்பிள்ளை வீட்ல “படிக்க வெக்கறோம்”னு சொல்றாங்களாம். காலேஜ்ல இதை யார்கிட்டயாவது சொல்லலாமா? சொன்னா வீட்டுக்குப் போன் பண்ணிடுவாங்களோன்னு பயமா இருக்கு.


காரிமங்கலத்து_அம்மா

கண்ணு, தாராளமா கேளு. “கல்யாணத்துக்கு அப்புறம் படிக்க வெக்கறோம்”னு சொன்ன வீடுங்களை எங்க தெருவுலயே எண்ணிச் சொல்லுவேன். படிக்க வெச்ச வீடும் இருக்கு, இல்லன்னு சொல்லல. புள்ளை பொறந்து மாமியாருக்கு முடியாம போனதும் புத்தகம் பரண் மேல போன வீடுதான் அதிகம்.

அப்பாகிட்ட சண்டை போடாத. அப்பாங்களுக்குக் கணக்குல பேசணும். முன்னாடி கவர்மென்ட்ல மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம்னு தாலிக்குத் தங்கம் குடுத்தாங்க. அதையேதான் 2022ல மாத்தி, அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் படிச்சா மாசம் 1000 ரூபான்னு ஆக்கிட்டாங்க. நீ வாங்கறியா? வாங்கினா பாஸ்புக்கைக் காட்டு. படிப்பு நின்னா அது நிக்கும்னு சொல்லு. எங்க வீட்டுக்காரருக்குப் புரிஞ்சது அந்த பாஷைதான். “டிகிரி முடிச்சிட்டா மாப்பிள்ளை வீட்ல கேக்கறது குறையும்”னு நான் சும்மா ஒரு வார்த்தை போட்டேன், அது வேலை செஞ்சுது. கேவலமான காரணம்தான், ஆனா என் பொண்ணு மூணாவது வருஷம் முடிச்சிட்டா.

காலேஜ்ல உனக்குப் பிடிச்ச மேடம் ஒருத்தரைத் தனியா பாத்து, “வீட்டுக்குப் போன் பண்ணாதீங்க, யோசனை மட்டும் சொல்லுங்க”ன்னு முதல்லயே சொல்லிடு. வீட்ல அடி, மிரட்டல்னு போனா 181க்குப் போடு, பொண்ணுங்களுக்கான நம்பர். 18 ஆகாத தங்கச்சி இருந்து அவளுக்கும் பேச்சு எடுத்தா அது சட்டப்படியே குத்தம், 1098.


கெலமங்கலம்_டு_கிருஷ்ணகிரி

பேர் சொல்லாத தோழி, எனக்குத் தனிமடல் அனுப்பு. நாம ஒரே காலேஜா இருக்கலாம்னு தோணுது. இல்லன்னாலும் பரவால்ல.


சிப்காட்_பி_ஷிஃப்ட்

ஏரியூர் தம்பி, நான் முதல்ல எழுதினதை இன்னும் மாத்திக்கல, டிகிரிக்கு மதிப்பு குறைஞ்சிருக்குங்கறது நிஜம். ஆனா கெமிஸ்ட்ரி முடிச்சா ஓசூர்ல குவாலிட்டி லேப்ல எடுப்பாங்க. லைன் வேலை மாதிரி நின்னுக்கிட்டே இருக்க வேணாம். லேப்ல சமாளிக்கிறேன்னு சொன்ன இல்ல, அதை விட்டுடாத. முடிக்கற வருஷம் இங்க ஒரு மெசேஜ் போடு.


வத்தல்மலை_வாசி

ஹாஸ்டல் பத்தி எழுதினவருக்கு ஒரு கேள்வி. என் தம்பியும் முதல் வருஷம், தர்மபுரிதான், தினமும் மலை இறங்கி ஏறிக்கிட்டு இருக்கான். வருஷ ஆரம்பத்துல விண்ணப்பம் போடல. இப்ப போட்டா எடுத்துப்பாங்களா?


விடுதி_சாம்பார்

எடுப்பாங்க, காலி இருந்தா. முதல் மாசம் ஃபுல்லா இருக்கும். அப்புறம் வீட்டு ஞாபகம் வந்து நாலஞ்சு பேர் ஓடிடுவாங்க, அந்த இடம் அப்படியே கிடக்கும். நேரா வார்டனைப் பாத்து “காலி இருக்கா சார்”னு கேக்கச் சொல்லுங்க. இல்லன்னு சொன்னா கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல அந்தந்த நல அலுவலகம் இருக்கு, அங்க எந்த விடுதியில காலின்னு லிஸ்ட் இருக்கும்.

கையோட சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பாஸ்புக், காலேஜ்ல படிக்கறதுக்கு போனஃபைடு, போட்டோ. எல்லாம் ரெண்டு செட். வருமானச் சான்று பழசா இருந்தா இப்பவே ஈ-சேவையில போட்டுடுங்க, அதுக்குத்தான் நாளாகும். வார்டனைப் பாக்க சாயங்காலம் போங்க, மதியம் போனா ஸ்டோர் ரூம்ல அரிசி அளந்துக்கிட்டு இருப்பாரு, எதைக் கேட்டாலும் இல்லன்னுடுவாரு.